எட்டு சதவீதம்

மின்வாரியத்தில் அவரை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வீடு வீடாகப் போய் மீட்டரில் ஓடிய எண்ணைக் குறித்துவரும் வேலை. இருபத்தாறு வருடமும் சைக்கிளிலேயே போனார். ஸ்கூட்டர் தருகிறோம் என்றபோது, வேகமாகப் போய்விடுமே என்று மறுத்தார்.

இளவயதில் தேசிய அளவில் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர். ஒரே ஒரு முறை வெளிநாட்டில் ஐந்து நாள் பந்தயத்துக்குப் போனார். முதல் நாள் எப்படியோ ஒட்டிக்கொண்டார். இரண்டாம் நாள் மதியத்துக்குள் ஆளை அள்ளி வேனில் போட்டார்கள். வேனில் படுத்தபடி அவர் கண்டுகொண்ட விஷயம் எளிமையானது: நம் நாட்டில் எல்லாமே ஒருநாள் பந்தயம். நேற்றைய காலோடு இன்று ஓட்டுவது எப்படி என்று யாருக்கும் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள இங்கேயே பல நாள் பந்தயம் ஒன்று வேண்டும்.

அந்த ஒரு யோசனையை வைத்துக்கொண்டு பதினொரு வருடம் விளையாட்டுத் துறையின் படியேறினார். "அந்த ஃபைலுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பறது ஒண்ணுதான் பாக்கி," என்றாள் மனைவி. கடைசியில் துறை சம்மதித்தது, ஒரு நிபந்தனையோடு. வெளிநாட்டு அணிகள் வர வேண்டும். இல்லாவிட்டால் டிவிக்காரன் எட்டிப் பார்க்கமாட்டான். மீட்டருக்கு அதிலும் சந்தோஷம்தான். பெரிய ஆட்களின் பின்சக்கரத்தைப் பிடித்து ஓட்டினால் நம் பையன்கள் நாலு விஷயம் கற்றுக்கொள்வார்கள். ஆறு வெளி அணிகள், மூன்று உள்ளூர் அணிகள், அணிக்கு ஆறு பேர். உள்ளூர் பதினெட்டுப் பேரில் முதல் ஆள் அவருடைய தங்கை மகன். ஐந்து நாளும் அவன் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, தன் அணியில் சேர்ப்பது பற்றி முடிவு சொல்வதாக வெளிநாட்டு அணி மேலாளர் ஒருவர் சொல்லியிருந்தார்.

விதிப்புத்தகத்தை மீட்டரே எழுதினார். பல நாள் பந்தயத்தில் நேர வரம்பு என்று ஒன்று உண்டு. அன்றைக்கு ஜெயித்தவனின் நேரத்தைவிட இத்தனை சதவீதத்துக்கு மேல் பிந்தி வந்தவன் மறுநாள் ஓட்ட முடியாது. பெரிய பந்தயங்களைப் பார்த்து எட்டு சதவீதம் என்று போட்டார். காற்று, மழை, விபத்து என்றால் நடுவர் வரம்பைத் தளர்த்தலாம் என்றொரு வரி எல்லாப் புத்தகத்திலும் உண்டு. அந்த வரியை மட்டும் அடித்தார்.

காரணம் இருந்தது. உள்ளூர்ப் பந்தயங்களில் அந்த வரியை வைத்துத்தான் ஒவ்வொரு சங்கத் தலைவரும் சட்டையைப் பிடிப்பார். ஒருவர் பையனுக்குப் பஞ்சர், இன்னொருவர் பையனுக்கு வயிற்றுவலி. ஒருவன் நடுவழியில் டீ குடித்ததற்கே சலுகை கேட்டார்கள். சொல்லாத காரணம் இன்னொன்று: மாமன் மருமகனுக்கு வளைந்து கொடுத்தான் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள். "எக்காரணம் கொண்டும் தளர்வு கிடையாது" என்று கூட்டத்தில் வாசித்தபோது கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அவருடைய வாழ்நாளில் அவருக்காக விழுந்த ஒரே கைதட்டல் அது.

முதல் நாள் நூற்று அறுபது கிலோமீட்டர். முப்பதாவது கிலோமீட்டரில் பக்கவாட்டுக் காற்று அடித்தது. வெளிநாட்டு அணிகள் சாலையின் குறுக்கே சாய்வரிசை போட்டு ஒருவர் மறைவில் ஒருவர் ஒளிந்துகொண்டு பறந்தன. அந்த வித்தை தெரியாத பதினெட்டுப் பேரும் சாலையோரமாக ஒற்றை வரிசையில் காற்றைக் குடித்துக்கொண்டு வந்தார்கள். ஜெயித்தவன் மூன்று மணி நாற்பத்தாறு நிமிடம். வரம்பு அதற்கு மேல் பதினெட்டு நிமிடம் சொச்சம். பதினெட்டுப் பேரும் இருபத்து நாலாவது நிமிடத்தில் சேர்ந்து வந்தார்கள்.

மருமகன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேராக அவரிடம் வந்தான். "செம காத்து மாமா. நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

மீட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நடுவர் வெளிநாட்டுக்காரி, நல்ல மனுஷி. அன்றைய காற்றுக்கு இரண்டு மடங்கு தளர்த்தலாம், உங்கள் புத்தகத்தில் அந்த வரி எங்கே என்று பக்கம் பக்கமாகத் தேடினாள். மீட்டர் தாமே பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அவள் வாசித்துவிட்டு, இதை எழுதியவர் யார் என்று மரியாதையாகக் கேட்டாள்.

நீக்கப்பட்டோர் பட்டியலில் அமைப்பாளரான மீட்டரின் கையெழுத்து வேண்டும். தங்கை மேசையருகே வந்து நின்றாள்.

"யாரோ எழுதின சட்டம்னா சண்டைக்குப் போலாம். நீதானேண்ணா எழுதின?"

"ஆமா."

"என்னத்துக்கு?"

"யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு."

"இப்ப யாரும் ஒண்ணும் சொல்லல. போதுமா?"

மருமகன் பட்டியலில் தன் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் பத்திரிகைகள் தொடக்கத்தைப் புகழ்ந்தன. உள்ளூர் வீரர்களை வளர்க்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது என்று அமைச்சர் சொல்லியிருந்தார். மீட்டர் அதை இரண்டு தடவை படித்தார். பொய் என்று சொல்லவும் அவரால் முடியவில்லை. போட்டி நடக்கத்தான் செய்தது, அதுவும் பிசகில்லாமல்.

சாலைச் சந்திப்புகளில் வண்டிகளை நிறுத்தக் கொடி பிடிக்க ஆள் போதவில்லை. சும்மா இருந்த பதினெட்டுப் பேரையும் போட்டிக் குழுச் செயலாளர் அணிச் சட்டையோடு அனுப்பிவைத்தார். சாலையைச் சரிபார்க்கும் காரில் பந்தயத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போன மீட்டர், ரவுண்டானாவில் இறங்கினார். கொடியும் விசிலுமாக மருமகன் நின்றான்.

அவன் மறித்த ஸ்கூட்டர்காரர் இன்ஜினை அணைத்தார். "எவ்ளோ நேரம்பா ஆகும்?"

"முப்பத்தாறு பேர்தான் சார். போனதும் விட்டுடறேன்."

"நம்ம பசங்க யாராச்சும் இருக்காங்களா?"

"எல்லா சந்திப்புலயும் இருக்கோம் சார்."

ஸ்கூட்டர்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். மீட்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மாமா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. வந்துட்டாங்க."

கொடி பிடிப்பவர் வாகனங்களைப் பார்த்து நிற்க வேண்டும், பந்தயத்தைப் பார்க்கக் கூடாது. அதுவும் புத்தகத்தில் இருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் முப்பத்தாறு பேரும் காற்றாய்க் கடந்தார்கள். அவன் திரும்பவில்லை.

மீட்டர் சாலைச் சரிபார்ப்புப் படிவத்தை எடுத்து, அந்தச் சந்திப்புக்கு நேரே "சரி" என்று குறித்தார்.