தீப்பெட்டி வண்டிகள்

திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டின் வாசலில், உள்ளே வரும் வண்டிகளின் எண்களைப் பதிவு செய்கிற அக்கா ஒருவர் உண்டு. முன்பு தெருநாடகங்களில் நடித்தவர். மைக் இல்லாமலே ராயபுரம் மார்க்கெட் முழுக்கக் கேட்கும் குரல் என்பார்கள். தொண்டையில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தக் குரல் போய்விட்டது. எங்களோடு போனில் தட்டிக் காட்டித்தான் பேசுவார்.

போன வருடம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனை என்னிடம் நீட்டினார். "நாடகம் போடப்போறேன். வசனம் கிடையாது. நீ லைட் பிடிக்கணும்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் மறுக்க மனம் வரவில்லை.

ஒரு ஞாயிறு மதியம், காலியாகக் கிடந்த கிடங்கின் ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடி இருட்டாக்கினோம். வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்ததுதான் திரை. அதன் பின்னால் நானும் அக்காவும், ஒரு மைக், தகரம், சங்கிலி. முன்னால் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பாதிப் பேர் டிரெய்லர் ஓட்டுபவர்கள்.

அக்கா தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்க, நான் பின்னாலிருந்து விளக்கைத் தாழ்த்திப் பிடித்தேன். துறைமுகத்துக்குள் போகக் காத்துக்கிடக்கும் டிரெய்லர்களாகத் திரையில் நிழல்கள் நீண்டன. வரிசை நகரவே இல்லை. சங்கிலி மட்டும் தகரத்தில் மெல்ல உரசியது.

ஒரு டிரைவர் பொறுமையிழந்து கத்தினார். "இன்னாக்கா, எவ்ளோ நேரம் சும்மாவே குந்திகினு கீறது? வாயத் தொறந்து எதுனா பேசேன்!"

நான் பதறியதில் விளக்கு ஆடியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பிறகு மைக்கைத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டார். குரல் இல்லை, மூச்சு வந்தது. கரகரவென்று, இழுத்து இழுத்து, கிடங்கு முழுக்க. வண்டிக்குள் மணிக்கணக்காகக் காத்திருக்கும் ஒரு மனிதனின் மூச்சு. மறு கையால் முதல் தீப்பெட்டியை ஒரு விரலளவு நகர்த்தினார். யாரும் அசையவில்லை. வசனம் பேசி நடித்த எவரும் என்னை அப்படிக் கட்டிப்போட்டதில்லை.

முடிந்ததும் அந்த டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். அக்காவுக்குக் குரல் போன விஷயத்தை யாரோ சொல்லியிருந்தார்கள்.

"தெரியாம சொல்ட்டேன்க்கா, மன்சுல வெச்சுக்காத." கொஞ்சம் தயங்கினார். "அந்த வண்டில குந்திகினு இருந்தது நாந்தான்க்கா. ஆனா பிரேக் சத்தம் இல்லியே?"

காற்றை அடக்கி, பல்லிடுக்கில் 'ஸ்ஸ்ஸ்' என்று வெளியே விட்டார். அசல் ஏர் பிரேக்!

அக்கா தோள் குலுங்கச் சிரித்தார். போனைத் தேடவில்லை. மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அடுத்து எண்ணூரில் போட்டபோது பிரேக் சத்தம் அவருடையது. அவர் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்து, "எங்க வூட்டுக்காரரு வண்டி அது" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.