காற்றுப் போகாத மூடி

எங்கள் காருக்குப் பெட்ரோல் அடிக்கப் போனால் மூடியைப் பிடித்துக்கொள்வது என் உத்தியோகம். அப்போது எனக்கு எட்டு வயது. கருங்கல் ஊர்ப் பங்கில் பெட்ரோல் அடிக்கும் அண்ணன் மூடியைத் திருகிக் கழற்றி ஜன்னல் வழியாக நீட்டுவார். நான் அதை மடியில் வைத்துக் காவல் காத்து, அடித்து முடித்ததும் திருப்பிக் கொடுப்பேன். மூடியின் உள்பக்கத்தில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதில் ஊதிப் பார்த்து அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பொறுப்பில் எனக்கு இருந்த கர்வம் பிற்பாடு வாங்கிய எந்தச் சான்றிதழிலும் வந்ததில்லை.

அப்பா விடுமுறையில் வந்தபோது வாங்கிப்போட்ட பழைய சின்னக் கார் அது. அவர் சவுதிக்குத் திரும்பிய பிறகு ஏழெட்டு மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அம்மா ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தாள். இயற்பியல் பட்டம் வாங்கி, கல்யாணம் முடிந்து, பத்து வருஷம் கழித்து நாகர்கோவிலில் பி.எட். சேர்ந்திருந்தாள். பஸ்ஸில் என்றால் இரண்டு வண்டி மாற வேண்டும். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு வீடு வந்து சேர முடியாது, வீட்டில் வேறு ஆளும் கிடையாது. ஆகவே கார் இருந்தால் படிப்பு உண்டு, கார் போனால் படிப்பும் போயிற்று.

அம்மா கார் ஓட்டுவதில் அப்பாவின் தம்பிக்கு, அதாவது சித்தப்பாவுக்கு, பெரும் பயம். கெட்ட மனிதர் இல்லை. மைனிக்கு ஒன்று ஆகிவிட்டால் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலைதான். அந்தக் கவலையில், ஓட்டுகிறவள் எப்படி எடுப்பாள் என்றுகூட யோசிக்காமல் வழியெல்லாம் போன் அடிப்பார். கடைசியில் அப்பா சவுதியிலிருந்து ஒரு தீர்ப்பு சொன்னார். வண்டி ஏதாவது தொந்தரவு கொடுத்தால் விற்றுவிடலாம், அதுவரை ஓட்டட்டும் என்று.

தொந்தரவைக் கொண்டுவந்தவள் நான். ஒருநாள் பங்குக்குப் போகும் வழியில் அம்மா சூடாகப் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கித் தந்தாள். அதைப் பிய்த்துத் தின்ன இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூடியை ஜன்னல் வழியாகக் காரின் கூரைமேல் வைத்துவிட்டேன். பங்கு அண்ணன் அடுத்து நின்ற பைக்கைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் காலையில் அம்மா வண்டியைத் திருப்பும்போது பெட்ரோல் வாசம் குப்பென்று அடித்தது. இறங்கிப் பார்த்தால் மூடி இருந்த இடத்தில் வெறும் துவாரம்.

அம்மா வண்டியை எடுக்கவில்லை. துவாரத்தைப் பிளாஸ்டிக் தாள் போட்டுக் கட்டிவிட்டு அன்று பஸ்ஸில் போனாள். மாலையில் வந்த சித்தப்பா அந்தக் கட்டைப் பார்த்து, இது யார் வேலை என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். கைமறதி என்று மட்டும் அம்மா சொன்னாள். யாருடைய கை என்று சொல்லவில்லை.

சித்தப்பா தானே மார்த்தாண்டத்துக்குப் போய்ப் புது மூடி வாங்கி வந்தார். பளபளவென்று, சாவி போட்டுப் பூட்டுகிற மூடி. இனிமேல் கள்ளன் வந்தாலும் ஒரு துள்ளி பெட்ரோல் எடுக்க முடியாது என்று அவரே மாட்டி, அவரே பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்தார்.

அதன் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்கியது. அரைமணி நேரம் ஒழுங்காக ஓடும். அப்புறம் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். முதல் தடவை திங்கள்சந்தை தாண்டி நின்றபோது எனக்கு லீவு, நானும் கூட இருந்தேன். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று அம்மா மூடியைத் திறந்தாள். சோடா உடைத்ததுபோல் உஸ்ஸென்று ஒரு சத்தம். பார்த்தால் உள்ளே பெட்ரோல் இருக்கிறது, சாவியைத் திருப்பினால் வண்டியும் ஓடுகிறது. அடுத்த அரைமணியில் மறுபடி நின்றது. மறுபடி திறந்தாள், மறுபடி உஸ். அம்மா கொஞ்ச நேரம் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் வருமா என்று என்னிடம் கேட்டாள். வராது, காற்றுப் போக இன்னொரு ஓட்டை வேண்டும் என்றேன். பழைய மூடியில் ஓட்டை இருந்ததா என்று கேட்டாள். அந்த விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவர் யார்? ஊதிப் பார்த்த கதையோடு சாட்சி சொன்னேன்.

அன்றைக்கே சித்தப்பாவுக்குப் போன் செய்து சொன்னாள். அவர் கேட்டால்தானே.

"நல்ல கடையில பாத்து வாங்கின மூடியாக்கும் மைனி. வண்டிக்கு வயசாயிட்டு, அதாக்கும் காரியம்."

அப்பாவிடமும் பேசிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க ஆள் வருகிறது என்றார். அம்மா சரி என்று போனை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றாள். அன்று இரவு அவள் புத்தகத்தைத் தொடவில்லை. என் பழம்பொரியால் அம்மாவின் படிப்பு போகிறது என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. சனிக்கிழமை மார்த்தாண்டத்துக்குப் போய்ச் சரியான மூடி வாங்குவதாக முன்பே சொல்லியிருந்தாள். அதற்கும் போகவில்லை. துணி நிறையத் துவைக்கக் கிடக்கிறது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பிடித்துவிட்டது. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தால் போதும் என்றார். அம்மாதான் விடவில்லை.

"குளச்சல் வர போயிட்டு வாங்க அண்ணாச்சி. தூரம் ஓட்டினாத்தானே வண்டிக்க கொணம் தெரியும்."

மைனி இவ்வளவு நியாயமாகப் பேசுகிறாளே என்று சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். வந்தவர் ஓட்டினார், சித்தப்பா அவர் பக்கத்தில், நானும் அம்மாவும் பின்னால். குளச்சல் போய்த் திரும்பும் வழியில், வெயில் உச்சியில் நிற்கையில், வண்டி இரண்டு முறை இருமி நின்றது. இரண்டு பேரும் இறங்கி முன்பக்கத்தைத் திறந்துவைத்து எதையெதையோ ஊதினார்கள், தட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மூடியைத் திறந்தால் போதுமே என்று வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"மிண்டாம இரி மக்களே."

மூடியைத் தொலைத்தவள் மூடியைப் பற்றிப் பேசக் கூடாது போலும் என்று எனக்கு அவமானமாக இருந்தது. வாங்க வந்தவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். மெக்கானிக்கைக் கூட்டி வருகிறேன், அசையாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டுச் சித்தப்பாவும் அவரோடு ஆட்டோவில் ஏறினார்.

ஆட்டோ மறைந்ததும் அம்மா இறங்கினாள். மூடியைத் திறந்தாள். உஸ். முன்சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. சித்தப்பாவுக்குப் போன் போட்டு, தானாகவே ஸ்டார்ட் ஆகிவிட்டது, மெக்கானிக் வேண்டாம் என்றாள். தானாக நின்று தானாக ஓடுகிற வண்டி என்று பெயர் பரவி, அதன் பிறகு ஒருவரும் விலை கேட்டு வரவில்லை. திங்கட்கிழமை அம்மா ஓட்டை உள்ள மூடி வாங்கி மாட்டினாள். அந்த வண்டியிலேயே பரீட்சைக்குப் போனாள், அதிலேயே வேலைக்கும் சேர்ந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பும்போது அம்மா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஓட்டினாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூடி விஷயம் அவளுக்கும் மறந்துபோய், ஆட்டோ போன பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு நிமிஷம் முந்தி வந்திருந்தால் அந்த வெயிலில் அத்தனை பேரும் கஷ்டப்பட்டிருக்க வேண்டாம். பெரியவர்களுக்கும் மறதி உண்டு என்பதில் எனக்கு நிம்மதியும்தான்.

"சாரமில்லம்மா, எனக்கும் மறந்துதானே போச்சு" என்று தோளைத் தட்டி ஆறுதல் சொன்னேன்.

அம்மா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்து கொடுத்தேன்.