இரவல் பேட்டரி

கரண்ட் இருக்கிறவரைக்கும் இன்வெர்ட்டர் மெக்கானிக்கை ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. கரண்ட் போன அஞ்சாவது நிமிஷத்தில் ஊருக்கே நான்தான் சொந்தக்காரன். சங்கரன்கோவிலில் பதினாலு வருஷமாக இந்தப் பிழைப்பு. கைக்குட்டையால் விசிறிக்கொண்டே மெக்கானிக்கைத் திட்டியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். திட்டு வாங்குகிறவனின் கதையையும் ஒரு தடவை கேளுங்களேன்.

ஒரே ஒரு பாயிண்ட்

சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் என்றால் நாலு பாயிண்டுக்கு லைன் கொடுப்போம். "எந்த நாலு?" என்று கேட்டுவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்துகொள்வது வழக்கம். அந்தக் கேள்விக்குப் பிறகு வீட்டுக்குள் நடக்கிற சண்டை இருக்கிறதே, அப்பப்பா! அப்பாவுக்கு டிவி, மகனுக்கு வைஃபை, மாமியார் ரூமுக்கு ஃபேன். அடுப்படியை யாரும் சொல்ல மாட்டார்கள்.

கோமதி அக்கா வீட்டில் மட்டும் சண்டை வரவில்லை. அவர் வீட்டுக்காரர் சுப்பையா அண்ணாச்சி முப்பது வருஷம் தறி ஓட்டியவர். நெஞ்சு கெட்டுப்போய், ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தவரை, வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூக்கில் குழாய் இல்லாமல் பத்து நிமிஷம் இருந்தால் அவருக்கு உதடு நீலம் பாய்ந்துவிடும். நான் வழக்கம்போல எந்த நாலு என்று கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்லை.

"மிஷினுக்கு ஒரு பாயிண்ட் போதும் தம்பி. மத்த மூணும் எங்களுக்கு வேண்டாம், அந்தக் கரண்டும் அவுகளுக்கே இருக்கட்டும்."

மாப்பிள்ளைக்கு வேர்க்கக் கூடாது

மளிகைக்கடை ஆறுமுகம் அண்ணாச்சி வேறு ரகம். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றணும் என்று வருஷத்துக்கு மூணு தடவை சொல்வேன். "ஊத்துவோம், ஊத்துவோம்" என்பார். ஒரு சொட்டு ஊற்ற மாட்டார். கடைசியில் காயப்போட்டுக் கொன்றுவிட்டார். அதுவும் எப்போது? கல்யாணமாகிப் பதினைந்து நாளில், மதுரையிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் முதல் விருந்துக்கு வருகிற வாரத்தில்!

என்னிடம் இரவல் கொடுப்பதற்கென்றே நல்ல பேட்டரி ஒன்று உண்டு. யாருடைய பேட்டரியாவது ரிப்பேருக்குப் போனால், திரும்பி வருகிறவரைக்கும் அதை வைத்து ஓட்டிக்கொடுப்பேன். அண்ணாச்சி கடைக்கு வந்து அதன் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாங்காமல் எழுந்திருக்கிற ஜாதி இல்லை என்று தெரிந்து, திங்கட்கிழமை சாயங்காலம் நானே கொண்டுபோய் மாட்டினேன். ஏஸியும் இதில் ஓடுமா என்று கேட்டார். ஓடாது, மூணு ஃபேன் வேண்டுமானால் ஓடும் என்றேன். அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"என்னமும் பண்ணும் வே. மாப்பிள்ளைக்கு வேர்த்துச்சுன்னா என் மானம் போயிரும்."

மூலையில் கிடந்தது

செவ்வாய்க்கிழமை கோமதி அக்காவின் பேட்டரியைச் சோதித்தேன். ஒரு செல் அவுட். எட்டு மணி நேரம் தாங்க வேண்டியது இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. புதுசு பார்சலில் வியாழக்கிழமைதான் வரும். புதன்கிழமையோ மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்துவரை ஊர் முழுக்கக் கரண்ட் கிடையாது. "கவலைப்படாதீங்க அக்கா, பத்து மணிக்குள்ள இரவல் பேட்டரியோட வாரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கடை மூலையில் ஒரு பேட்டரி இருப்பது கண்ணுக்குள் நின்றது, அந்தத் தைரியம்.

புதன் காலை ஒன்பது அடித்ததும் போன் ஆரம்பித்தது. ஒருவர் கரண்ட் எப்போது வரும் என்று என்னைக் கேட்கிறார். ஒரு அம்மா, மாவு பாதியில் நிற்கிறது என்று கிரைண்டரை இன்வெர்ட்டரில் மாட்டி, இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டார். அங்கே ஓடி இங்கே ஓடி, கடைக்குத் திரும்பும்போது மணி பத்தே முக்கால். மூலையில் இருந்த பேட்டரியில் மீட்டரை வைத்தேன். செத்துக் கிடந்தது. அது ஆறுமுகம் அண்ணாச்சி வீட்டிலிருந்து நான் கழற்றி வந்த பேட்டரி! பேட்டரிகளுக்கு உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூஞ்சி ஒன்றுதான். இரவல் பேட்டரியைத் திங்கட்கிழமையே அவர் வீட்டில் மாட்டிவிட்டு வந்ததை அடியோடு மறந்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன். இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்த ஆரம்பித்துவிட்டதாம். அவசரத்துக்கு இருக்கிற சின்ன சிலிண்டரில் ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் காற்று. "நீ எங்கன தம்பி இருக்க?" என்றார். செத்த பேட்டரி முன்னால் குத்தவைத்துக்கொண்டு, "வந்துக்கிட்டே இருக்கேன் அக்கா" என்றேன். அவர் ஒன்றும் கோபப்படவில்லை.

"சரி தம்பி. பாத்து வா."

கை நனைத்த பிறகு

இரண்டு கடையில் கேட்டேன். புதுப் பேட்டரி இருந்தது. ஆனால் சார்ஜ் ஏற்றாமல் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, ஏற்றுவதற்கு ஊரில் கரண்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டர்கள் எல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போயிருந்தன. வேறு வழியில்லாமல் ஆறுமுகம் அண்ணாச்சி வீட்டு வாசலில் போய் நின்றபோது மணி பன்னிரண்டு. உள்ளே மாப்பிள்ளைக்குத் தலைவாழை இலை போட்டிருந்தது. நான் மாட்டிய பேட்டரியில் தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது. மாப்பிள்ளை பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "எவனுக்கோ மூச்சு முட்டும்னு, கை நனைச்ச மாப்பிள்ளைக்கு ஃபேன நிறுத்தச் சொல்லுதீரா? உமக்குப் புத்தி இருக்கா?" என்று பல்லைக் கடித்தார். மெதுவாகத்தான் சொன்னார், மளிகைக்கடைக் குரல், நாலு வீட்டுக்குக் கேட்டது. மாப்பிள்ளை நிமிர்ந்து, "யாருக்குங்க மூச்சு முட்டுது?" என்றார். மறைக்கத் தோன்றவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். என் மறதியையும் சொன்னேன். அவர் இலையை மூடாமல் அப்படியே எழுந்து கையைக் கழுவப் போனார். அண்ணாச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. பரிமாறிக்கொண்டிருந்த புதுப்பெண் உமா சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஃபேன் சுவிட்சை அணைத்தாள்.

"யப்பா, அவுக வேர்த்தா நான் தொடைச்சு விட்டுக்கிடுதேன். நீங்க மொதல்ல கார் டிக்கியத் தெறங்க."

ஜன்னலுக்கு வெளியே

ஐம்பது கிலோ பேட்டரி, அவசரத்துக்கு ஒற்றை ஆளால் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கோமதி அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது சிலிண்டர் முள் சிவப்பில் கிடந்தது. நட்டு மூணு தடவை கீழே விழுந்தது. மாட்டி முடித்ததும் மிஷின் ஒரு தடவை கத்திவிட்டு உறும ஆரம்பித்தது. சுப்பையா அண்ணாச்சியின் நெஞ்சு ஏறி இறங்குவதையே நாங்கள் மூணு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்து, வேர்த்து ஊற்றி நின்ற மாப்பிள்ளையைக் காட்டி, தண்ணீர் கொடு என்று சைகை செய்தார்.

நான் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். நீங்கள் போன் பண்ணும்போது நான் கிளம்பவே இல்லை அக்கா, கையில் பேட்டரியும் இல்லை, மன்னிச்சுக்கோங்க என்றேன். அக்கா ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டினார். பின்சீட்டைக் கழற்றிப் பாய் விரித்த ஒரு வேன் நின்றது. பக்கத்து வீட்டு டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இன்னும் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதாக இருந்தார்களாம்.

"வந்துக்கிட்டே இருக்கேன்னு நீ சொன்னதுமே வேனுக்குச் சொல்லிட்டேன் தம்பி. நெசமா வாரவன் எவன் அப்படிச் சொல்லுதான்?"

அன்றையிலிருந்து யார் போன் செய்தாலும் "இன்னும் கிளம்பலை" என்று உள்ளதைச் சொல்லிப் பார்க்கிறேன், ஆனால் சங்கரன்கோவிலில் இதுவரை ஒருத்தரும் அதை நம்பவில்லை, நான் வந்துக்கிட்டே இருப்பதாக நினைத்து வாசலில் வந்து நின்று எனக்காகக் காத்திருக்கிறார்கள்.