தாட்சாயணி அவிழ்த்த முடிப்பு

திருப்பதி மலையடிவாரம் அலிபிரியில் மஞ்சள் துணியும் கற்பூரமும் விற்கும் எங்கள் கடை வரிசையில் தாட்சாயணியைப் போல் பயந்தவள் கிடையாது. போலீஸ் ஜீப் டீக்கு நின்றால்கூடக் கல்லாவைச் சாத்திவிடுவாள். அப்படிப்பட்டவளைத் தேடித்தான் சட்டம் வந்தது.

வெளிநாட்டில் இருக்கிற பக்தர்கள் வேண்டுதல் பணத்தை அவள் கணக்குக்கு அனுப்புவார்கள். அவள் அதை எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, படியேறிப் போய் மலை உண்டியலில் போடுவாள். துணிக்காசு மட்டும் அவளுக்கு. என்ன வேண்டுதல் என்று கேட்கவே மாட்டாள். வாய்விட்டுச் சொன்ன வேண்டுதல் பலிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. துபாயில் வேலை பார்க்கும் புத்தூர்ப் பையன் கிஷோர் அடிக்கடி அனுப்பினான். என்ன பக்தி என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை வந்தது. அந்தப் பணத்தைக் கைமாற்றிவிடுகிற வங்கியும் கம்பெனியும்கூட மாட்டும் என்றது சட்டம். பணம் அனுப்பும் கம்பெனிகள் மிரண்டுபோய்ப் பழைய வரவுகளையெல்லாம் கிளறின. கிஷோர் பயன்படுத்திய வெளிநாட்டுக் கம்பெனி, அவன் அனுப்பியதெல்லாம் சூதாட்ட ஆப்பிலிருந்து வந்த பணம் என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. தாட்சாயணியின் கணக்கு முடங்கியது. சித்தூர் சைபர் கிரைமுக்கு வரச் சொல்லிப் போன் வந்தது.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "ஜெயில்ல போட்டுடுவாங்களாக்கா? மோனிகாவ யாரு பாத்துக்குவாங்க?" என்று அழுதாள். மோனிகா அவள் மகள், அப்பன் இல்லாத பிள்ளை. என் கடையைச் சாத்திவிட்டு நானும் கூடப் போனேன்.

இன்ஸ்பெக்டர் ஸ்வர்ணலதா தெலுங்கில் கேட்கக் கேட்க இவள் தமிழில் பதில் சொன்னாள். வந்த பணம் எங்கே என்றார்.

"உண்டியல்ல போட்டுட்டேன் மேடம்."

ரசீது எங்கே என்றார்.

"உண்டியலுக்கு ஏது மேடம் ரசீது?"

திருடனும் சாமிக்குப் போட்டேன் என்றுதான் சொல்வான் என்றார் இன்ஸ்பெக்டர். தாட்சாயணி பையிலிருந்து ஒரு மஞ்சள் முடிப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். கிஷோர் கடைசியாக அனுப்பியது. கணக்கு முடங்குவதற்கு முன்பே எடுத்து முடிந்துவிட்டாள். பங்காளி வீட்டுச் சாவுத் தீட்டு கழியாமல் மலையேற முடியவில்லை. வீட்டில் விட்டுவரவும் பயம்.

அவிழ்க்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

"சாமிக்கு முடிஞ்சத அவுக்கக் கூடாது மேடம்."

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இன்ஸ்பெக்டரும் தொடவில்லை. நீயே அவிழ் என்றார். தாட்சாயணி என்னைப் பார்த்தாள்.

"அவுத்துடுடி. மோனிகாவ நெனச்சிக்கோ," என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். கிஷோர் அனுப்பியது அப்படியே இருந்தது. துணிக்காசைக்கூட அவள் எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் நோட்டுகளையும் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார். குரல் இறங்கியது. பணத்தை வழக்கில் சேர்த்துக்கொண்டு, நீ சாட்சிதான், கூப்பிட்டால் வா என்று அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அப்போது கிஷோர் கூப்பிட்டான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, முடிப்பப் போட்டுட்டியா?"

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"முன்னாடியெல்லாம் ஆட்டத்துல ஜெயிச்சதுக்குக் காணிக்கைக்கா. இது மட்டும் வேற. இனிமே ஆடவே மாட்டேன்னு சாமிக்கு வாக்குக் குடுத்து அனுப்புனது. சொல்லக் கூடாதுதான், ஆனா கை பரபரன்னு கீது, பயமா கீதுக்கா. அது உண்டியல்ல வுழுந்துடுச்சின்னா நான் பொழச்சிக்குவேன். போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் தம்பி," என்றாள் தாட்சாயணி.

போனை வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அவன் மறுபடி ஆடினா அந்தப் பாவம் யாரு தலைலக்கா?"

அவிழ்க்கச் சொன்னவள் நான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.