தொடையோடு நின்ற கோடு

எண்பதுகளின் நடுவில், மூத்தவள் பிறந்த சில நாளில் என் இடது கால் வீங்கியது. தொடைவரை தோல் மினுமினுத்தது. ஊன்றினால் உயிர் போகும் வலி. பிள்ளை பெற்ற உடம்பில் குளிர் இறங்கிவிட்டது என்றார்கள் எங்கள் கீழ்பென்னாத்தூரில். மாமியார் பாசமாகத்தான் எண்ணெய் காய்ச்சிக் காலை அழுத்தி நீவிவிட்டார். வீக்கம் கூடியதே தவிர குறையவில்லை. அண்ணாமலையாருக்கு நேர்ந்துகொண்டு, பௌர்ணமியன்று அந்தக் காலை இழுத்துக்கொண்டே மலை சுற்றக் கிளம்பினேன்.

பாதி வழிகூடத் தாண்டவில்லை. நெஞ்சில் குத்தல் எடுத்தது, மூச்சு அடைத்தது. “உன்னைச் சுத்தத்தானே வந்தேன், இப்படிப் பண்ணிட்டியே” என்று மலையைப் பார்த்துத் திட்டினேன்.

என் வீட்டுக்காரர் டாக்சி பிடித்து மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இரண்டு பாதங்களிலும் ஊசி போட்டார்கள். அதிலிருந்த அணுக்கதிர் மருந்து ரத்தத்தோடு ஓடும் வழியைக் கேமரா படம் பிடித்தது. வலது காலில் அது கோடாக வயிறுவரை ஏறியது. இடது காலில் தொடையோடு நின்றுவிட்டது.

“ரத்தம் உறைஞ்சி அடைச்சிக்கிச்சும்மா” என்றார் டாக்டரம்மா. “ஒரு துண்டு நெஞ்சுக்கே போயிருக்கு. நீவனதும் தப்பு, நடந்ததும் தப்பு. இன்னும் பெரிசா ஒண்ணு போச்சுன்னா எங்க கையில இல்ல. கட்டில வுட்டு எறங்கக் கூடாது.”

ரத்தம் மேலும் உறையாமலிருக்க டிரிப்பில் மருந்து ஏறியது. குழந்தை ஊரில் புட்டிப்பாலில் இருந்தாள். எனக்குப் பால் கட்டி மார்பு வலித்தது. பக்கத்துக் கட்டிலில் இதே வியாதியோடு ஒரு பெண். ஒரு காலையில் எழுந்து நின்றவள் அப்படியே விழுந்து செத்துப்போனாள். எனக்கு நேர்ந்துகொள்ளக்கூடத் தைரியமில்லை. “என்னால நடந்து வர முடியாது. நீதான் வரணும்” என்று மட்டும் அண்ணாமலையாரிடம் சொல்லிக்கொண்டே கிடந்தேன்.

மறுபடியும் ஊசி போட்டுப் படம் எடுத்தார்கள். “பாரும்மா, மேல வரைக்கும் போவுது. மெல்லிசாத்தான் இருக்கு, ஆனா வழி தொறந்துகிச்சு” என்றார் டாக்டரம்மா. வீட்டுக்காரர் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் வாய்விட்டு அழுதேன்.

மருந்துதானே காப்பாற்றியது என்பார்கள். அந்த மருந்து பக்கத்துக் கட்டில்காரிக்கும்தான் ஏறியது. அவள் எதில் குறைந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால் என் நன்றியில் பெருமை கிடையாது.

கால் இன்னமும் சாயங்காலமானால் கனக்கும். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் முதலில் தாயின் காலைத்தான் பார்க்கிறேன். ஒரு கால் மட்டும் வீங்கினால் நீவாதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள். நடக்க முடிந்தவர்கள் மலையைச் சுற்றிக் கும்பிடுங்கள். முடியாதவர்கள் கிடக்கிற இடத்திலிருந்தே கூப்பிடுங்கள். எனக்கு அவன் கட்டிலுக்கே வந்தான்.