மரத்தடியில் கால் மடங்கியது

எங்கள் பக்கம் மரத்திலிருந்து விழுந்தவரைக் கிடக்க விடமாட்டோம். தூக்கி உட்கார வைத்து, முகத்தில் தண்ணீர் அடித்து, சோடா குடிக்க வைத்தால்தான் எங்களுக்கு உயிர் வரும். கடத்தூருக்கு அந்தாண்டை எங்கள் காட்டில், புளி உலுக்க ஏறிய என் வீட்டுக்காரர் கிளை முறிந்து விழுந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்லும் வாய்தான் இது.

விழுந்த இடத்தில் மல்லாந்து கிடந்தவர் இரண்டு காலையும் மடக்கி நீட்டினார். "ஒண்ணுமில்லடி, இடுப்புதான் புடிச்சிக்கிச்சு" என்றார். அதற்குப் பிறகுதான் அக்குளில் கை கொடுத்து உட்கார வைத்தேன்.

"ஆம்புலன்ஸ் எப்ப வர்றது அண்ணி, வண்டியிலயே போயிரலாங்க" என்றார் சத்தம் கேட்டு ஓடி வந்த கொழுந்தனார். அவர் ஓட்ட, நடுவில் இவர், பின்னால் இவரைக் கட்டிப் பிடித்தபடி நான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் "அம்மா" என்றவர், தருமபுரி நெருங்கியபோது சத்தமே போடவில்லை. வலி குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், பாவி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். முதுகெலும்பில் ஒரு கண்ணி நொறுங்கி, ஒரு சில்லு நரம்புப் பக்கம் தள்ளியிருந்தது. நரம்புக்குக் கேடில்லாமல் எலும்பும் அசையாமல் நின்றால் பெல்ட் போட்டே ஆற்றிவிடலாமாம். நரம்பு நசுங்கிக்கொண்டே போனால் காத்திருக்கக் கூடாதாம். நசுக்கும் சில்லை விலக்கி, ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து முதுகை நிறுத்த வேண்டுமாம்.

உள்ளங்காலில் சாவியால் கீறினார். கால் அசையவில்லை.

"எப்ப மரத்துப் போச்சு? விழுந்த உடனேயா, அப்புறமா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "வுழுந்தப்பவேங்க சார்."

கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார். பின்னாலேயே பஸ் பிடித்து வந்த மாமியார் கதவோரம் நின்றிருந்தார். வாயைத் திறந்தால் பெற்றவள் எதிரிலேயே அவர் காலை ஒடித்தவள் நானாகிவிடுவேன். மூடிக்கொண்டால், விழுந்தபோதே போன கால்தானே, அவசரமில்லை என்று டாக்டர் வேறு கணக்குப் போடுவார்.

"பொய் சொல்றாருங்க சார்! மரத்தடியில காலை மடக்கி நீட்டுனாரு. நாந்தான் தூக்கி உக்கார வெச்சேன். வண்டியில வர்றப்பதான் போயிருக்குது."

டாக்டர் எழுந்துவிட்டார். "அப்ப நேரமாக ஆக மோசமாவுதும்மா. தியேட்டரை ரெடி பண்ணுங்க."

நாலு பேர் வந்தார்கள். கழுத்திலிருந்து கால்வரை ஒரே கட்டையாகப் புரட்டிப் பலகையில் ஏற்றினார்கள். தூக்கும் முறையை நான் அப்போதுதான் கண்டேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் பெருவிரல் அசைந்தது, எறும்பு நகர்கிற அளவுக்கு. அழுது தீர்த்தேன். அழுகை நின்றதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்யா, கால் போற நேரத்துல பொய்யா சொல்லுவ? புத்தி இருக்குதா உனக்கு?"

"அம்மா நின்னுட்டிருந்தாங்க. கால் போனா போவட்டும்டி. நீ தூக்குனதாலதான் போச்சுன்னு ஆயுசுக்கும் உன்னையப் பேசுவாங்கல்ல."