அண்ணன் ஓடவிட்டுப் போன தேடல்

அண்ணன் உச்சிப்புளி அருகே லாரி மோதி இறந்தபோது, உத்தரகோசமங்கைப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டின் பின்னறையில் அவனுடைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போன பிறகும் ஓடியது. அதன் சூட்டில் அங்கே அடுக்கியிருந்த மிளகாய் மூட்டைகளின் நெடி வீடு முழுக்கப் பரவியது.

"அது என்ன ஆத்தா செய்யுது?" என்று அய்யா மகளான என்னிடம் கேட்டார். நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அதில் ஓடிய புரோகிராமுக்கென்று அவன் வைத்திருந்தது இரண்டே கோப்புகள். சிறியதில், இணையத்தில் யாரோ சவாலாக விட்ட கணக்குப் பூட்டு ஒன்றின் விவரம் இருந்தது. அதைத் திறக்கும் ரகசிய எண் எதிலிருந்து எதற்குள் இருக்கும் என்ற எல்லையும் இருந்தது. பெரிய கோப்பைப் புரிந்துகொள்ளத்தான் நாளானது. தெரிந்த இடத்திலிருந்து ஒரு தடம், பூட்டின் விவரத்தை வைத்து அந்தத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு தடம் என இரண்டும் தாவித் தாவிப் போகின்றன. கால் பட்ட சில இடங்களை மட்டும் புரோகிராம் இந்தக் கோப்பில் குறித்துக்கொள்கிறது. இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தால் எண் கிடைத்துவிடும். அந்த எண்ணோடு மூன்றாவதாக ஒரு கோப்பு உண்டாகும். அது உண்டாகவில்லை.

அண்ணன் எழுதிய ஒரு சொல்லாவது இருக்காதா என்று பெரிய கோப்பை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். வெறும் எண்கள்.

"கெடச்சிருச்சா?" என்றார் அய்யா.

"இல்லய்யா. இந்த ஒத்த மெசின வச்சு நம்ம ஆயுசுக்கும் முடியாது."

"அவனுக்கு அது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "தெரியும்யா. எத்தன வருசம் ஆகும்னு அதுலயே காட்டுது."

"பெறகு எதுக்கு ஓடவிட்டான்?"

சென்னையிலிருந்து வந்ததிலிருந்து அவன் அந்த அறையை விட்டு அதிகம் வெளியே வந்ததில்லை. கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறான் என்று நம்பியிருந்தோம். வேலை போய்விட்டதே சாவுக்கு வந்த அவன் நண்பர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

அய்யா எழுந்து சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். "இருங்கய்யா" என்று நான் சொல்வதற்குள் அறை அமைதியாகிவிட்டது.

மறுநாள் அவர் வயலுக்குப் போனபின் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றதால் பெரிய கோப்பு பாதியில் அறுந்திருந்தது. புரோகிராம் அதை ஏற்கவில்லை. சிறியதை வைத்து முதலிலிருந்து தொடங்கலாம். தொடங்கவில்லை. வயர்களைக் கழற்றினேன். அம்மா வந்து ஒரு பக்கம் பிடித்தாள். இருவரும் தூக்கிப் பரண்மேல் வைத்தோம்.